ஹலோவுக்குப் பிறகு வரும் சத்தம்

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
10 ஜனவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் தேக்கா சந்தையில் ஜிலேபி வாங்குவது குறையவில்லை. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். உன் இருமல் என்ன ஆயிற்று? இங்கிலாந்துக் குளிரை நினைத்து அம்மா இங்கே ஃபேனை அணைக்கிறாள்.

ஒரு செய்தி. போர்டை மறுபடியும் திறந்துவிட்டேன்.

ராணுவத்தில் இருந்த காலம் முழுக்க கம்ப்யூட்டர் கட்டிலுக்கு அடியில் போர்வைக்குள் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் தொடவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் துடைத்துப் போட்டேன். ஓடியது.

அப்பா இன்னும் கேட்கிறார்: "போன்ல என்னடா நோட்டீஸ் போர்டு?" நீ அன்று சொன்னதையே சொன்னேன். ஊரில் யாரோ தன் கம்ப்யூட்டரிலிருந்து நம் வீட்டு நம்பருக்கு டயல் செய்வார். மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படிப்பார். தன் பங்குக்கு எழுதிவிட்டுப் போவார். அவர் போன பிறகுதான் அடுத்தவர். "சாமியார்கிட்ட பாவம் சொல்ற பாவசங்கீர்த்தனத் தொட்டி மாதிரி" என்றார் அப்பா. மூன்றரை வருஷத்துக்குப் பிறகும் அதே நகைச்சுவை.

1984. நான் ஜூனியர் காலேஜிலிருந்து வருவேன். நீ ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருப்பாய். சிம் லிம் டவரில் வாங்கிய, போனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அந்தக் கருவி, மேலே இரண்டு ரப்பர் கிண்ணங்கள். மணி அடித்தால் நீ எடுத்து ஹலோ சொல்வாய். சொந்தக்காரர் என்றால் பதில் வரும். பதில் வராவிட்டால் போர்டுக்கு வந்தவர். ரிசீவரைக் கிண்ணங்களில் கவிழ்த்து, மேலே உன் சால்வையைப் போட்டு மூடுவாய். உள்ளே விசில். பிறகு திரையில் ஒவ்வொரு எழுத்தாக ஒரு மனிதர். "பேசாதவங்க எல்லாம் நம்ம ஆளுங்க" என்பாய்.

அந்தக் கருவிக்குப் பதில் இப்போது என் வகுப்புத் தோழன் தனசேகரன் தந்த மோடம். மணி அடித்தால் தானே எடுத்துக்கொள்கிறது. அம்மாவும் அப்பாவும் ஞாயிறு பூசைக்குப் போகும்போதும், வகுப்பில்லாத மாலைகளிலும் திறந்துவைக்கிறேன்.

முதலில் வந்தது யார் தெரியுமா? போர்டில் புனைபெயரில் எழுதுவாரே, பெலிக்கன். நம் நம்பரை மறக்கவில்லையாம். இத்தனை வருஷமும் அவ்வப்போது டயல் செய்து பார்ப்பாராம். "முன்பெல்லாம் ஒரு ஹலோ இருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். இப்போது சத்தம் மட்டும்" என்று எழுதினார். இதைவிட நன்றாக நான் எழுத மாட்டேன். உன்னை விசாரித்தார். இங்கிலாந்தில் என்றேன்.

பதில் போடு.

தம்பி
ஆம்ப்ரோஸ்


மரியே வாழ்க

ஹல், இங்கிலாந்து
24 ஜனவரி 1988

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. என்னோடு வேலை செய்யும் பினாங்குக்காரி ஜோன் மிளகு ரசம் வைத்துத் தந்தாள். ரசத்தைவிட அவள் பேச்சுதான் காரம். பிரசவ வார்டில் ஆள் குறைவு, தூக்கமும் குறைவு. அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போ. ஜிலேபியை அப்பாவின் வாயில் போடச் சொல்.

போர்டு எனக்கு மறந்தே போயிற்று. பெலிக்கன் என்று யாரும் நினைவில்லை.

என்னைப் பற்றி அங்கே எதுவும் எழுதாதே. பரீட்சைக்குப் படி.

அன்புடன்
உர்சுலா


ஃபேரர் பார்க்
7 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். கீழே சீனப் புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சு குவிந்து கிடக்கிறது. அம்மா அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

பெலிக்கனை உனக்கு நினைவில்லை என்பதை நம்ப முடியவில்லை. அப்போது தினமும் வந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் சொன்னேன். "ஆச்சரியமில்லை தம்பி, அவங்களுக்கு நான் ஒரு விசில்தானே" என்றார். இப்படி எழுதக்கூடிய ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார்.

போர்டில் மற்றவர்கள் வேகம் பற்றிப் பேசுகிறார்கள். புது மெஷின், விலை. நானும் அவரும் மட்டும் பழைய நாட்களைப் பற்றி. ஒரு வரி வர எடுத்துக்கொண்ட நேரம். அதற்குள் நாம் கற்பனை செய்துகொண்ட மீதி வரி. நீ ஹலோ சொல்லும்போது பின்னால் அம்மா மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்குமாம். அடுத்த வீட்டு ஆமினா பீவியின் கிளி கேட்குமாம். ஒருநாள் உனக்கு ஜலதோஷம் இருந்ததாம். ஒரு ஹலோவுக்குள் இவ்வளவு கேட்டிருக்கிறார். நான் அந்த அறையிலேயே இருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

எழுதாதே என்றாய். எழுதவில்லை. நீ எந்த ஊரில் என்று கேட்டார், சொல்லக்கூடாது என்றேன். விளையாட்டாகச் சில துறைமுக ஊர்களின் பெயரைச் சொன்னார். லிவர்பூல் இல்லை என்றேன். போர்ட்ஸ்மத் இல்லை என்றேன். அடுத்து வந்த பெயருக்குப் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆம்ப்ரோஸ்


மரியே வாழ்க

ஹல்
17 பிப்ரவரி 1988

தம்பி,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

போர்டை மூடிவிடு. ஏன் என்று கேட்காதே.

இரண்டு விஷயம் மட்டும் எழுது. வீட்டு போன் அடித்து, எடுத்தால் யாரும் பேசாமல் இருக்கிறார்களா? ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப்பில் யாராவது பஸ் ஏறாமல் நிற்கிறார்களா?

இங்கே விடுதி போன் வார்டன் அறையில். நீ கூப்பிட வேண்டாம். கடிதம் போதும்.

உர்சுலா


ஃபேரர் பார்க்
6 மார்ச் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் சுகம். உன் கடிதம் வந்து சில நாட்களாயிற்று. கோபத்தில் பதில் எழுதவில்லை.

காரணம் சொல்லாமல் மூடு என்றால் எப்படி? நீ இங்கே இருந்தபோது அது நம் இருவருடையது. நீ போய்விட்டாய். போகிறேன் என்றுகூட ஒரு வாரத்துக்கு முன்னால்தான் சொன்னாய். எனக்கு அதுதான் மிச்சம்.

கேட்டதற்குப் பதில். ஆம், பேசாத போன் தினமும் வருகிறது. மோடம் அணைந்திருக்கும்போது அம்மாதான் எடுக்கிறாள். போர்டுக்கு டயல் செய்கிறவர்கள் என்று அவளுக்கு விளக்கிவிட்டேன். பேசாதவர்கள் நம் ஆட்கள், நீ சொன்னதுதான். அம்மா இப்போது, "தம்பி காலேஜ்ல இருக்குப்பா, நாலு மணிக்கு அடி" என்று சொல்லிவிட்டு வைக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களை நான் எண்ணுவதில்லை.

பெலிக்கனுக்குப் பெயர் இருக்கிறது. லாசரஸ். போன ஞாயிறு வீட்டுக்கே வந்தார். நம் விலாசம் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். முப்பது, முப்பத்திரண்டு வயது. மெல்லிய குரல். தவக்காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிதோறும் நம் கோயிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வருகிறாராம். அம்மா ஏற்கனவே அவரைக் கவனித்துவைத்திருக்கிறாள்.

"இந்த வயசுல, கல்யாணம் ஆகாம, முட்டி போட்டு ஜெபம் சொல்ற பிள்ளை. புதுமைலா" என்றாள் அவர் போன பிறகு.

"புதுமையெல்லாம் பரிசுத்த ஆவி பாத்துக்குவாரு. நீ டீ கிளாஸைக் கழுவு" என்றார் அப்பா.

கிறிஸ்துமஸுக்கு நீ பேசி அனுப்பிய கேசட்டை அம்மா போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு இரவலாக வாங்கிப் போயிருக்கிறார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

உனக்கு அவர்மேல் என்ன?

ஆம்ப்ரோஸ்


மரியே வாழ்க

ஹல்
15 மார்ச் 1988

தம்பி,

எல்லோரும் நலமாக இருங்கள். நான் இருக்கிறேன்.

அவரை வீட்டுக்குள் விடாதே. கேசட்டைத் திருப்பி வாங்கு. என் விலாசம் அவர் கண்ணில் படக்கூடாது. என் கடிதங்களின் பின்பக்கத்தைக் கிழித்துவிடு. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, அவள் அவரையே கூப்பிட்டுக் கேட்பாள்.

காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்துப் போட்டது குப்பைக்கூடை முழுக்க இருக்கிறது. அடுத்ததில் எழுதுகிறேன். அதுவரை நான் சொன்னதைச் செய்.

அக்கா


ஃபேரர் பார்க்
16 மார்ச் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. நீயும் கோபமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே நலம், அங்கே நலமா என்பதைச் சண்டைக்கு நடுவிலும் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கேட்டுவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. ஈஸ்டருக்கு அம்மா உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறாள். தேக்காவில் அரைத்த மிளகாய்த்தூள், முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயைச் சுற்றி அப்பாவின் பழைய பனியன்கள். ஹல் நகரமே நம்மை நினைத்துத் தும்மும்.

நான் கென்ட் ரிட்ஜில் பல்கலைக்கழக வகுப்பில் இருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. அப்பா எழுதினால் எந்தத் தபால்காரராலும் படிக்க முடியாது. லாசரஸ் அந்தச் சமயம் பார்த்து வந்தாராம். உன் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துப் பெட்டிமேல் எழுதித் தந்தாராம். தபால் நிலையத்துக்கும் அவரே தூக்கிப் போனாராம். அம்மா பணம் கொடுத்ததற்குக் கையை விலக்கிவிட்டாராம்.

பார், நான் சொல்லவில்லை. உன் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறேன்.

சமாதானம்?

ஆம்ப்ரோஸ்


ஹல்
29 மார்ச் 1988

தம்பி,

பார்சல் வந்தது. ஜோன் மேஜையில் வைத்து, "யாருடி இது, இவ்வளவு அழகான கையெழுத்து?" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த முறை கிழிக்கப் போவதில்லை.

1984-இல் அவர் போர்டுக்காகக் கூப்பிடவில்லை. போர்டில் எழுதியது ஒரு முறை என்றால், மற்ற பல முறை ஹலோ மட்டும் கேட்பார், நான் ரிசீவரைக் கவிழ்ப்பதற்குள் வைத்துவிடுவார். மறுபடி அடிப்பார். நீ திரையைப் பார்த்தபடி "லைன் கட்" என்பாய். ஒருநாள் நான் கவிழ்க்காமல் காதிலேயே வைத்திருந்தேன். மூச்சு கேட்டது. பிறகு "உர்சுலா" என்றார். என் பெயரை நாம் போர்டில் எங்கும் போட்டதில்லை.

பிறகு பஸ் ஸ்டாப். பிறகு ஆஸ்பத்திரி வாசல். என் ஷிஃப்ட் மாறினால் அவர் நிற்கும் நேரமும் மாறும். ஒருநாளும் என்னைத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். தினமும் ஒரு சீட்டு தருவார், அவ்வளவுதான். இன்று ஹலோ சொன்னபோது களைப்பாக இருந்தாய். இன்று சிரித்துக்கொண்டே எடுத்தாய், யார் பக்கத்தில்? கடைசிச் சீட்டு: எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு போன் இருக்கும்.

அந்த வாரம்தான் இங்கிலாந்தில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் படிப்புக்கு விண்ணப்பித்தேன்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மா அவரை ஒருமுறை பார்த்தால் மாப்பிள்ளை என்று நினைத்துவிடுவாள் என்று பயந்தேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது.

நேற்று வார்டன் சொன்னாள், உனக்கு போன் வந்திருக்கிறது என்று. யார் என்றேன். பெயர் மட்டும் கேட்டார்கள், இருக்கிறாள் கூப்பிடுகிறேன் என்றதும் பேச்சில்லை என்றாள். நான் போய் எடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கமும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கக் காத்திருந்தார்கள்.

வேலையை விட்டுவிட்டேன். நாளை கிளம்புகிறேன். எழுதுவதாக இருந்தால் ஜோன் பெயருக்கு எழுது. நான் எங்கே என்று அவளிடமும் இப்போது சொல்லவில்லை, பிறகு சொல்வேன்.

அம்மாவின் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஃபேரர் பார்க்
8 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஜோன் மூலமாக.

நலம் கேட்கும் தகுதி எனக்கில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எங்கே இருந்தாலும் சாப்பிடுகிறாயா?

கடிதம் படித்த அன்றே விடுதிக்கு போன் செய்தேன். போய்விட்டாள் என்றார் வார்டன். நீங்கள்தான் நேற்றும் கூப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் போலீசுக்கு அழைத்துப் போனார். அந்த அதிகாரி நல்லவர். பொறுமையாகக் கேட்டார். மிரட்டினாரா? இல்லை. வீட்டுக்குள் அத்துமீறினாரா? அம்மா டீ கொடுத்தாள். பார்சலில் விலாசம் எழுதினார், கோயிலுக்கு வருகிறார், பேசாமல் இருக்கிறார். இதில் எதை எழுதிக்கொள்வது என்று எங்களையே கேட்டார்.

நேற்று லாசரஸ் ஈஸ்டர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "இனிமே இங்க வராதீங்க" என்றார். அவ்வளவு மெதுவாக அப்பா பேசி நான் கேட்டதில்லை.

லாசரஸுக்கு முகம் மாறவில்லை. "சரி அங்கிள். போன் இருக்கே" என்றார். கேக்கைச் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டுப் போனார். உன் கேசட்டைத் திருப்பித் தரவில்லை.

அம்மா இன்னும் நம்பவில்லை. நல்ல பிள்ளையை விரட்டிவிட்டோம் என்று அழுகிறாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அந்த நாட்கள், அந்த நாட்கள் என்று நானும் அவரும் எழுதிக்கொண்டதை எல்லாம் எடுத்துப் படித்தேன். இருவரும் ஒரே நாட்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருந்தேன். அவருடைய நாட்களில் நான் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை.

மோடத்தைக் கழற்றிவிட்டேன்.

ஆம்ப்ரோஸ்


21 ஏப்ரல் 1988

தம்பி,

நலம். வேலை கிடைத்துவிட்டது. ஊர் சிறியது. பெயர் எழுதமாட்டேன்.

உன்மேல் கோபமில்லை. ஆனாலும் எழுதமாட்டேன். நீ வேண்டுமென்று சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். சென்ற முறையும் நீ சொல்லவில்லை.

மோடத்தை மறுபடி மாட்டு. போர்டைத் திற. யோசித்துத்தான் சொல்கிறேன். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேறு வழி இல்லை. அவர் உனக்கு டயல் செய்துகொண்டிருக்கும்வரை அவர் அங்கே இருக்கிறார். பேச்சுக் கொடு. உனக்குத்தான் தெரியுமே, எதைக் கேட்டால் அவர் நிறுத்தாமல் எழுதுவார் என்று.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் போன் அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று நிற்கிறேன். காது கேட்காதவள் என்று நினைக்கிறார்கள்.

அம்மாவுக்கு முத்தம். அப்பாவுக்கும்.

அக்கா


ஃபேரர் பார்க்
15 மே 1988

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது. தேக்கா பக்கமே போவதில்லை, சந்தைக்கு அப்பாதான் போகிறார். அப்பா தினமும் பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டு வருகிறார். உடற்பயிற்சி என்கிறார். நீ நலமாக இருக்க வேண்டும்.

ஜோனுக்குத் தந்தி அடித்திருக்கிறேன். அதில் இவ்வளவும் எழுத முடியாது.

நீ சொன்னபடி போர்டைத் திறந்தேன். அன்றே வந்தார். எதுவும் நடக்காதது போல. உர்சுலா எப்படி இருக்கிறாள் என்றார். நான் 1984 பற்றிக் கேட்டேன். எழுதினார். தினமும் இப்படித்தான். அவர் உன்னைக் கேட்பார், நான் அந்த நாட்களைக் கேட்பேன். முதன்முதலில் எங்கிருந்து டயல் செய்தீர்கள்? என்ன மழை? கிளி என்ன சொன்னது? பக்கம் பக்கமாக எழுதுவார். வகுப்புகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். லைனை வேறு யாருக்கும் தரவில்லை. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது அறையில் எனக்கு வேர்க்கும். ஆனால் அவர் இங்கே இருக்கிறார் என்று தெரியும். அவர் போனதும் அடுத்த மணிவரை எதுவும் தெரியாது.

ஒரு காலத்தில் அந்த விசிலுக்காக ஓடிவருவேன். இப்போதும் ஓடித்தான் வருகிறேன்.

போன வாரம் முழுக்க மணி அடிக்கவில்லை. அவருடைய அலுவலகத்துக்கு போன் செய்தேன். லீவில் இருக்கிறார் என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. நானும் பேசாமல் வைத்துவிட்டேன்.

இன்று காலை, அம்மாவும் அப்பாவும் பூசையில் இருக்கும்போது மணி அடித்தது. பெலிக்கன். எழுத்துகள் ஒழுங்காக வரவில்லை. ஒரு சொல், நடுவில் குப்பைக் குறிகள், மறுபடி பாதிச் சொல். உள்ளூர் லைனில் இப்படி வராது. வெளிநாட்டிலிருந்து வரும் லைனில்தான் எழுத்துகள் வழியில் உடையும். எங்கிருந்து என்று கேட்டேன். 1984 பற்றிக் கேட்டேன். அது போகட்டும் தம்பி என்றார். அம்மா அப்பா சுகமா என்றார். படிப்பு எப்படி என்றார்.

உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

தம்பி
ஆம்ப்ரோஸ்